இலையை எண்ணுங்கள், மொய்யை எண்ணாதீர்கள்

கேள்வி: எனக்கு 53 வயது. திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். பிடித்தம் போகக் கைக்கு 36,000 ரூபாய் வருகிறது. மகள் கோவையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள், கைக்கு 45,000. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மகளுக்கு வரன் அமைந்து கை நனைத்தாகிவிட்டது. வரும் தையில் கல்யாணம், இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். "நாங்க எதுவும் கேட்கலை, உங்க பொண்ணு, உங்க விருப்பம்" என்றுதான் சொன்னார்கள். என் மைத்துனர் உட்கார்ந்து பட்டியல் போட்டதில் 27 லட்சம் வருகிறது. அதில் நகை மட்டும் 12 லட்சம். வீட்டில் இருக்கும் 12 பவுன் போக இன்னும் 10 பவுன் எடுக்க வேண்டுமாம். 900 பேர் வருவார்கள் என்று கணக்கு. என்னிடம் வங்கி டெபாசிட் 8 லட்சம், மகள் சேர்த்தது 2 லட்சம். மொய் 5 லட்சம் வந்துவிடும் என்கிறார் மைத்துனர். மீதி 12 லட்சத்துக்குத் தன் பெயரில் பர்சனல் லோன் எடுப்பதாக மகள் சொல்கிறாள். மனைவிக்கு அதில் சம்மதமில்லை, வீட்டை அடமானம் வைக்கலாம் என்கிறாள். பி.எஃப். பணத்தையும் எடுக்கலாமா? எது சரி?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: ஐயா, 12 லட்சத்தை எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 12 லட்சம் தேவையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் மைத்துனரின் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு முறை படித்தேன். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. மனிதர் கவனமாகத்தான் போட்டிருக்கிறார். 900 என்ற ஒரே ஓர் எண்ணை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் அதன் பின்னாடியே வந்திருக்கிறது.

முதலில் மகள் பெயரில் லோன். 12 லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 27,900 ரூபாய். அவள் சம்பளத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். ஐந்து வருடத்தில் அசலும் வட்டியுமாகக் கட்டுவது ஏறக்குறைய 16.75 லட்சம். சரி, கட்டிவிடுவாள் என்றே வைத்துக்கொள்வோம். யார் வீட்டிலிருந்து கட்டுவாள்? கல்யாணம் ஆன மறுமாதம் ஐந்தாம் தேதி அந்தத் தவணை புது வீட்டு வரவுசெலவில் போய் உட்காரும். வீட்டு வாடகை, அட்வான்ஸ், ஒரு பிரசவம் எல்லாம் அந்த ஐந்து வருடத்துக்குள்தான் வரப்போகிறது. என்னிடம் வரும் இளம் தம்பதிகளில் சிலருக்கு முதல் சண்டையே இந்தத் தவணையால்தான். "உங்க வீட்டுக் கல்யாணக் கடனை நான் ஏன் கட்டணும்?" என்று மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்காமல் இருப்பதே வீட்டில் ஒரு கனமாகத் தங்கிவிடும். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் இன்றே விட்டுவிடுங்கள். நாளைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்குப் போனால், வங்கி எடுத்துப் பார்க்கும் முதல் தாளிலேயே அது தெரிந்துவிடும்.

வீட்டு அடமானத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகன் கல்லூரிக்குப் போவான். கூரையை அடகு வைக்கிற வயது இது இல்லை. உங்கள் மனைவியிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பி.எஃப். பணத்தைக் கல்யாணத்துக்கு எடுக்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஏழு வருடம் உறுப்பினராக இருந்தால், உங்கள் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதி வரை என்பது நெடுநாள் விதி. 2025 அக்டோபரில் இதை இன்னும் தளர்த்துவதென்று பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எடுப்பது சுலபமாகிக்கொண்டே போவதால்தான் எனக்குப் பயம். 2024-25க்கு அதில் 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். அதே வட்டி தொடர்ந்தால், இன்று நீங்கள் எடுக்காமல் விடும் 3 லட்சம் நீங்கள் ஓய்வு பெறும்போது ஏறக்குறைய 4.46 லட்சமாக இருக்கும். கடன் என்றால் மாதா மாதம் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். பி.எஃப்.பை எடுத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், 58 வயதில்தான் தெரியும். அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் மொய். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மைத்துனர் மொய்யை வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். மொய் நோட்டில் பேர் எழுதி, ஊர் எழுதி, தொகை எழுதி எடுத்து வைப்பது எதற்கு? திருப்பிச் செய்வதற்குத்தானே. புதுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் இதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்கலாம். அங்கே ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைக்கிறார்கள். கறி விருந்து போட்டு, பந்தலில் எழுத்தர்களை உட்காரவைத்து, நோட்டைப் புரட்டி, போன தடவை செய்ததோடு மேல் தொகை சேர்த்து வசூலாகும். வாங்கியவர் அதை வைத்துக் கடை போடுவார், போர் போடுவார், மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் சளைக்காமல் திருப்பிச் செய்வார். அவர்களுக்கு அது வட்டியில்லாக் கடன் என்று நன்றாகத் தெரியும். நம் பக்கம்தான் அதை வரவு என்று நினைத்துக்கொண்டு செலவழித்துவிட்டு, பிறகு பதினைந்து வருடம் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் சம்பளத்தில் கை வைக்கிறோம்.

இன்னொன்று. மண்டப அட்வான்ஸ், சமையல் அட்வான்ஸ், துணி, நகை எல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்கும். மொய் வருவதோ தாலி கட்டிய பிறகு. நடுவில் இருக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு, "மொய் வந்ததும் தர்றேன்" என்று யாரிடமாவது மூன்று வட்டிக்கு வாங்குவோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். என் அக்கா கல்யாணத்தில் அப்பா இப்படித்தான் வாங்கினார். மொய் எதிர்பார்த்ததில் பாதிதான் வந்தது. மூன்று மாதக் கடன் ஆறு வருடம் ஓடியது. ஆயிரம் பேருக்குச் சமைத்து அறுநூறு பேர் சாப்பிட்டதில், மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் சாம்பாரை அண்டாவோடு கவிழ்த்தார்கள். அந்த வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பருப்பு என்ன விலைக்கு வாங்கினோம் என்பதும் நினைவிருக்கிறது, கடைக்குப் போனவன் நான்.

அதனால் இன்று ராத்திரி உங்கள் வீட்டு மொய் நோட்டையும், நீங்கள் வெளியே செய்ததை எழுதிவைத்த டைரியையும் எடுத்து வையுங்கள். எழுதி வைக்கவில்லை என்றால் மனைவியைக் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் செய்ததில் எவ்வளவு திரும்பி வரவேண்டியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தில் இதுவரை 5 லட்சத்துக்கு நீங்கள் மொய் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வரும் 5 லட்சத்தில் பெரும்பகுதி புதுக் கடன். வந்தால் மகனின் கல்லூரிக்கும், நாளைக்குத் திருப்பிச் செய்வதற்கும் என்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். கல்யாணப் பட்டியலில் அதற்குப் பூஜ்யம் என்று எழுதுங்கள். கூடவே ஒரு விஷயம்: மணமக்களுக்குத் திருமணத்துக்காக வரும் பரிசுப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. பெற்றோர் பெயரில் வரும் பணத்துக்கு அந்தத் திருமண விலக்கு இல்லை. ஆகவே அந்தத் தனிக் கணக்கு மகள் பெயரில் இருப்பதுதான் முறை.

மொய்யையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் சமையல்காரர் சொன்ன விலை: முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு இலைக்கு 320, காலை டிபன் 180, முகூர்த்தச் சாப்பாடு 300. மில் நண்பர் ஒருவர் மனைவி, பிள்ளையோடு ராத்திரி மட்டும் வந்து 500 ரூபாய் மொய் எழுதிவிட்டுப் போகிறார். மூன்று இலைக்கு 960 ரூபாய். மொய்க்காக ஒருவரை அழைத்தால் 460 ரூபாய் கைப்பிடித்தம். அந்த 500 ரூபாயையும் பின்னால் திருப்பிச் செய்ய வேண்டும். இதனால் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்து நின்றால் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் கூப்பிடுங்கள், அதற்குத்தான் கல்யாணம். மொய் வரும் என்பதற்காகக் கூப்பிட்டால் அது நஷ்ட வியாபாரம்.

இனி 900க்கு வருவோம். பட்டியல்படி ராத்திரி 900, காலை 500, மதியம் 800 இலை. ராத்திரிக்கு 2,88,000, காலைக்கு 90,000, மதியத்துக்கு 2,40,000. மொத்தம் 6,18,000. இத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதால்தான் பைபாஸ் பக்கத்து ஏ.சி. மண்டபத்தைப் பேசியிருக்கிறீர்கள். அதன் வாடகை 2,75,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 3,24,500. (ஜி.எஸ்.டி.யை உங்கள் மைத்துனர் விட்டுவிடவில்லை. பலர் விட்டுவிடுவார்கள். அவரை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.)

எண்ணிக்கையைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? ராத்திரி 400, காலை 250, மதியம் 350 இலை. அதே சமையல்காரர், அதே மெனு, ஒரு பதார்த்தமும் குறைக்கவில்லை. சாப்பாடு 2,78,000க்குள் முடிந்துவிடும். 400 பேருக்கு உங்கள் ஊரிலேயே ஒரு லட்ச ரூபாய் மண்டபம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரியோடு 1,18,000. சாப்பாடு, மண்டபம் என்ற இந்த இரண்டு செலவிலேயே கிட்டத்தட்ட ஐந்தரை லட்சம் குறைகிறது. பாயசத்தில் முந்திரியைக் குறைத்தும், பத்திரிகையில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்தும் ஐந்தரை லட்சம் வராது ஐயா. செலவைக் குறைக்கிறேன் என்று பூக்காரரிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் நூறு இலை கூடுதலாகப் போவதை அவர்கள் பார்ப்பதில்லை.

பாதியாக்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டியவர்கள். இவர்கள் வீட்டோடு வருவார்கள், எனவே வீட்டுக்கு நான்கு இலை என்று எண்ணுங்கள். இரண்டாவதில் ஒருவராக வந்து போகிறவர்கள். மூன்றாவதில் பத்திரிகை மட்டும் போனால் போதும் என்பவர்கள். உங்கள் பட்டியலில் மில் ஆட்கள் 220 பேர் இருக்கிறார்கள். உங்கள் ஷிப்டில் கூடவே நின்றவர்கள் எத்தனை பேர்? முப்பது? அவர்களை வீட்டோடு அழையுங்கள். மற்றவர்களுக்கு, கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் கேன்டீனில் லட்டும் மிக்சரும் டீயும் வாங்கிக் கொடுத்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தை மாதத்தில் ஒரே நாளில் நான்கு கல்யாணத்துக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். ஐந்தாவதாக ஒன்று இல்லை என்றால் உள்ளுக்குள் நிம்மதிதான். மாப்பிள்ளை வீட்டாரின் எண்ணிக்கையையும் இதே நோட்டில் தனியாக வாங்கி எழுதுங்கள். "சுமாரா முந்நூறு" என்று சொன்னால் விடாதீர்கள், பெயராகக் கேளுங்கள்.

சமையல்காரரிடம் குறைந்தபட்ச இலை எத்தனை என்று எழுதி வாங்குங்கள். 350க்குக் குறைவாக வந்தாலும் 350க்குப் பணம் கேட்பார்கள், அது நியாயம்தான். அதனால் எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே சொல்லுங்கள். மேலே வருவதற்குக் கொஞ்சம் அதிகமாகச் சமைப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு பந்தியிலும் எத்தனை இலை என்று எண்ண உங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆளை நிறுத்துங்கள். வேலை இல்லாமல் மாப்பிள்ளைத் தோழனாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பையன் வேண்டாம். கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார், அவர்தான் சரி. பந்தி ஆரம்பித்ததும் வரிசையை எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, மேஸ்திரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டே வரவேண்டும். ராத்திரி 11 மணிக்கு, எல்லோரும் அசந்திருக்கும்போது, "460 இலை போயிருக்கு" என்று சொன்னால் மறுத்துப் பேச அந்தச் சீட்டுத்தான் இருக்கும். உக்கிராண அறைச் சாவியும் அவரிடமே இருக்கட்டும்.

மண்டபத்திலும் இப்படி ஒரு வேலை உண்டு. வாடகைக்கு மேல் கரண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, கேஸ், பாத்திரம் என்று பில் நீளும். உள்ளே நுழைந்ததும் மீட்டரை செல்போனில் ஒரு படம் எடுங்கள், காலி செய்யும்போது இன்னொன்று. பாத்திரத்தை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள். இரண்டு கரண்டி காணவில்லை என்றாலும் எழுதிவிடுவார்கள். வெளியிலிருந்து சமையல்காரரையும் அலங்காரக்காரரையும் கூட்டிவரலாமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். சில மண்டபங்களில் வாடகை குறைவாக இருக்கும், அவர்கள் சொல்லும் ஆளைத்தான் வைக்க வேண்டும் என்பது ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும். தேதி விஷயத்தில் நெகிழ முடியும் என்றால், தேய்பிறை முகூர்த்தமோ வார நாளோ கேட்டுப் பாருங்கள். வளர்பிறை ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லும் வாடகையை அதற்குச் சொல்லமாட்டார்கள்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரு நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. தவணை தவணையாக வாங்கினாலும் சேர்த்துத்தான் கணக்கு. அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. ஆனால் ரசீது இல்லாமல் மாட்டிக்கொள்வது நீங்கள்.

நகைக்கு வருகிறேன். கணக்குக்காகப் பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் கடைக்குப் போகும் நாளில் பலகையில் வேறு எண் இருக்கும். 10 பவுன் பத்து லட்சம். சேதாரம் 15 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம். ஆக 11,50,000. அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 34,500. பில் 11,84,500. அன்று சாயங்காலமே அந்த நகையை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கடையில் வைத்தாலும் தங்கத்தின் விலையைத்தான் தருவார்கள், அதிலும் கழிவு பார்ப்பார்கள். 1,84,500 ரூபாய் கடை வாசலிலேயே போய்விட்டது. தங்கம் நல்ல முதலீடு என்று சொல்கிறவர்கள் சேதாரத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை. முதலீட்டுக்கு நாணயம் வாங்கலாம், ஆன்லைனில் தங்க ஃபண்டில் போடலாம். கழுத்தில் போடுவது அலங்காரச் செலவு, அதை அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும்.

உங்கள் வீட்டில் 12 பவுன் இருக்கிறது. அதையும் பழைய மாடல் என்று கொடுத்துப் புதிது மாற்றப்போவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பழையதில் கழிவு, புதியதில் சேதாரம் என்று இரண்டு பக்கமும் இழப்பீர்கள். பாலிஷ் போட்டு, திருகாணி மாற்றினால் போதும். புதிதாக 2 பவுன் மட்டும் வாங்குங்கள், மேலே சொன்ன கணக்கில் ஏறக்குறைய 2,37,000 ரூபாய். கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், சேதாரம் குறைவான மாடலை அவளே பார்த்து எடுக்கட்டும். கெட்டித் தங்கச் சங்கிலிக்கும் கல் வைத்த ஆரத்துக்கும் சேதாரத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும், பில்லில் அது தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. ஹால்மார்க் முத்திரை இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 2023 ஏப்ரலில் இருந்து அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும், கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

நகைக்கடைச் சீட்டு சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்பணமாக வாங்கியதை ஒரு வருடத்துக்குள் நகையாகக் கொடுக்காவிட்டால், கம்பெனிச் சட்டப்படி அது டெபாசிட்டாகவே கருதப்படும். அதனால்தான் பெரும்பாலான கடைகளில் 11 மாதச் சீட்டாக இருக்கிறது. உங்களுக்குப் பத்து மாதம்தான் அவகாசம். அப்படியே முடிந்தாலும் ஒரே கடையில் பெரிய தொகையைப் போட மாட்டேன். கடை மூடினால் வங்கி டெபாசிட்டுக்கு இருப்பதுபோல காப்பீடு எதுவும் அதற்குக் கிடையாது. மகள் வங்கியில் ஆர்.டி. போடட்டும். 28,000 தவணை கட்டத் துணிந்தவளுக்கு, கல்யாணத்துக்கு முன் பத்து மாதம் 25,000 போடுவது கஷ்டமாக இருக்காது. 2.5 லட்சம் சேரும், வட்டி அவளுக்கு வரும். கட்டவே முடியவில்லை என்றால் அந்த லோன் என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதும் இரண்டாவது மாதமே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் தொகை. டெபாசிட் 8 லட்சத்தில் 2 லட்சத்தைத் தொடவே கூடாது. அது வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் எடுப்பதற்கு. மீதி 6 லட்சம், மகளின் 2 லட்சம், ஆர்.டி. 2.5 லட்சம், மொத்தம் பத்தரை லட்சம். சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் நான்கு லட்சத்துக்குள். நகை 2,37,000. துணிமணிக்கு 90,000, போட்டோவுக்கு 60,000, மேடை அலங்காரத்துக்கு 50,000. பத்திரிகை, ஐயர், நாதஸ்வரம், வண்டி, இன்ன பிறவற்றுக்கு 70,000. பாத்திரம் பண்டத்துக்கு ஒரு லட்சம். எல்லாம் சேர்த்து 10,03,000. கையில் 47,000 எதிர்பாராததற்கு நிற்கும். எதிர்பாராதது நிச்சயம் வரும். கடைசி வாரத்தில் ஐம்பதாயிரம் இடித்தால் மூன்று வட்டிக்காரரிடம் போகாமல், வங்கியில் ஒரு வளையலை அடகு வைத்து மூன்று மாதத்தில் மீட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு மட்டும்.

பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் வாங்கி மண்டபத்தில் வரிசையாக அடுக்க உங்கள் பட்டியலில் இருக்கும் 1.6 லட்ச ரூபாய் செலவை முழுக்க அப்படியே விட முடியாது என்பதால்தான் ஒரு லட்சம் வைத்தேன். அதையும் கல்யாணத்துக்கு முன் வாங்காதீர்கள். அவர்கள் கோவையில் வாடகை வீடு பார்க்கப்போகிறார்கள். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உங்கள் தேக்குக் கட்டில் ஏறுமா என்று யாருக்கும் தெரியாது. வீடு அமைந்த பிறகு அவர்களே போய் எடுக்கட்டும். உங்கள் மைத்துனர் தாய்மாமன் அல்லவா, தட்டு வரிசைக்கு அவர் வைத்திருக்கும் பணத்தில் பாதியை வாஷிங் மெஷினாக மாற்றச் சொல்லுங்கள். தங்கை மகள் என்றால் சம்மதிப்பார்.

கடைசியாக மிச்சம் இருப்பது கஷ்டமான வேலை. "உங்க பொண்ணு, உங்க விருப்பம்" என்று சம்பந்தி வீட்டார் சொன்னதை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கல்யாணப் பேச்சில் இதைவிடச் செலவு வைக்கும் வார்த்தையை நான் கேட்டதில்லை. ஒரு தொகை சொல்லியிருந்தால் முடியும், முடியாது என்று பதில் சொல்லலாம். (அப்படிக் கேட்டால் அது வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம்தான்.) தொகை சொல்லாதபோது, அவர்கள் மனதில் என்ன இருக்கும் என்று நாமே ஊகித்து, ஊகத்துக்கு மேலே ஐந்து பவுன் சேர்த்துப் போடுகிறோம். அந்த 22 பவுன் உங்கள் மைத்துனர் ஊகித்த எண். சம்பந்திக்கே அது தெரியாது.

முதலில் மகளிடம் சொல்லி மாப்பிள்ளையோடு பேசச் சொல்லுங்கள். அவளுக்கு லோன் எடுக்கும் யோசனை வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடியும். பிறகு நீங்கள் போங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அண்ணே, கடன் வாங்காமச் செய்யணும்னு பொண்ணும் நானும் முடிவு பண்ணியிருக்கோம். பத்தரை லட்சம் ஒதுக்கியிருக்கேன். உங்க பக்கம் எத்தனை பேருன்னு பேர் போட்டுக் குடுங்க. ரிசப்ஷன் பெருசா வைக்கணும்னு ஆசைப்பட்டா அதை நீங்க எடுத்துச் செய்யுங்க, முகூர்த்தத்தை நான் பாத்துக்கறேன்." இதற்கு மேல் ஒரு வாக்கியமும் தேவையில்லை. சொல்லிவிட்டுக் காபியைக் குடியுங்கள். அவர்கள் பேசட்டும். இப்படிச் சொன்னவர்களில் பலருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த முதல் பதில், "நாங்களும் அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு இருந்தோம்" என்பதுதான். முகம் சுளித்தால், அதுவும் தாலி கட்டுவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்.

உங்கள் மகள் கோயிலில் தாலி கட்டி, நூறு பேருக்குச் சாப்பாடு போட்டால் போதும் என்று சொன்னதாகவும் அவளைத் திட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருக்க வேண்டாம். அவளுக்குத் திட்டம் தெளிவாக இருந்திருக்கிறது. கோயிலில் செய்தாலும், மண்டபத்தில் செய்தாலும், 1967இல் தமிழ்நாடு சட்டத்தில் சேர்த்த சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்டாலும் திருமணம் திருமணம்தான். எதுவாக இருந்தாலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை மாப்பிள்ளை தலையில் கட்டிவிடுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு மண்டபங்கள் இப்போதே பதிவாகத் தொடங்கியிருக்கும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தி வீட்டுக்குப் போய்வாருங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டியல் போட்டவர் அவர், அடிக்கும்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.